எம்.சி.பி. ஏன் விழுகிறது: விழ எடுத்துக்கொள்ளும் நேரம் காட்டிக்கொடுக்கும் காரணம்

வீட்டில் திடீரென்று விளக்கு அணைந்தால் முதலில் பக்கத்து வீட்டைப் பார்க்கிறோம். அங்கே விளக்கு எரிந்தால் நம் மின்பெட்டியைத் திறக்கிறோம். ஓட்டம் அளவு மீறினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சிறு சுவிட்சுகளான எம்.சி.பி.க்கள் அங்கே வரிசையாக நிற்கும்; அவற்றில் ஒன்று மட்டும் விழுந்திருக்கும், அதாவது அதன் நெம்புகோல் கீழே இறங்கியிருக்கும். அதை மேலே தள்ளினால் சில சமயம் நின்றுவிடும், அத்துடன் மறந்துவிடுகிறோம். சில சமயம் உடனே விழும், சில சமயம் கால் மணி நேரம் கழித்து விழும். இப்படி நான்கைந்து முறை விழுந்த பிறகு, ‘இந்த எம்.சி.பி. தாங்கவில்லை, இதைவிடப் பெரியதாகப் போட்டுவிடுங்கள்’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். வீட்டு மின்சாரத்தைப் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளில் இதைப் போல ஆபத்தானது வேறில்லை என்று நினைக்கிறேன். எம்.சி.பி. எதைக் காக்கிறது என்பது தெரிந்தால் அந்த யோசனை தோன்றவே தோன்றாது.

எம்.சி.பி. காப்பது சுவருக்குள் போகும் கம்பியை. பிளக்கில் மாட்டியிருக்கும் கருவியைக் காப்பதோ, அதைத் தொடும் மனிதரைக் காப்பதோ அதன் முதல் வேலை அன்று. எந்தக் கம்பியில் மின்னோட்டம் சென்றாலும் அது சூடாகும். அந்தச் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பதால், ஓட்டம் இரட்டிப்பானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். வீடுகளில் பரவலாக உள்ள கம்பிகளின் பி.வி.சி. உறை ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தொடர்ந்து தாங்கும்படி செய்யப்படுகிறது. அதைத் தாண்டிய சூட்டில் உறை உடனே எரிந்துவிடாது. மெல்ல மெல்ல இறுகி, வெடித்து, பல மாதங்களுக்குப் பிறகு எங்கோ ஓரிடத்தில் உதிரும். குழாய்க்குள் நடப்பதால் யார் கண்ணிலும் படாது. கம்பி அந்த நிலைக்குப் போகுமுன் ஓட்டத்தை நிறுத்துவதற்காகத்தான் எம்.சி.பி. இருக்கிறது. ஆகவே 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், அதற்குப் பின்னால் ஓடும் கம்பி எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட எண் என்று பொருள்.

பழைய ஃபியூஸில் இந்த வேலையை ஒரு மெல்லிய கம்பி உருகிச் செய்தது. உருகிய ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அவசரத்தில் கையில் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டிவிடுவதும் நடந்தது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டோட்ஸ் என்ற பொறியாளர் கண்டுபிடித்து, 1924ஆம் ஆண்டு காப்புரிமை பெறப்பட்ட சிறிய தானியங்கிக் கருவிதான் இன்றைய எம்.சி.பி.யின் முன்னோடி. அதில் இருந்த அடிப்படை இன்றும் மாறவில்லை: ஒரே பெட்டிக்குள் இரண்டு காவலர்கள். ஒருவர் பொறுமைசாலி, மற்றவர் கண நேரம்கூடத் தாமதிக்காதவர்.

பொறுமைசாலி என்று நான் சொல்வது, இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த தகட்டை. சூடேறும்போது இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் நீள்வதால் தகடு வளைகிறது. போதுமான அளவு வளைந்ததும், இணைப்பைப் பிடித்துவைத்திருக்கும் கொக்கியைத் தட்டிவிடுகிறது. மற்றவர் ஒரு கம்பிச்சுருள். பெரும் ஓட்டம் பாயும்போது அது வலிமையான காந்தமாகி உள்ளே இருக்கும் இரும்பு ஊசியை இழுக்கிறது. கொக்கி அக்கணமே விடுபடுகிறது. தகடு வளைய நொடிகளிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். சுருளுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். எம்.சி.பி. விழ எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பதைக் கவனித்தால், இந்த இருவரில் யார் அதைத் தட்டினார் என்பதும், அதன் வழியே கோளாறு எந்த வகை என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் பொறுமைசாலியின் கணக்கைப் பார்ப்போம், ஏனெனில் மக்களைக் குழப்புவது அதுதான். 230 வோல்ட் வழங்கப்படும் வீட்டில் 16 ஆம்பியர் லைன் 3680 வாட்டைத் தொடர்ந்து தாங்கும். அந்த லைனில் 2000 வாட் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. 1000 வாட் அயர்ன் பாக்ஸும் 1500 வாட் கெட்டிலும் சேருகின்றன. மொத்தம் 4500 வாட், அதாவது சுமார் 19.6 ஆம்பியர். அளவைத் தாண்டிவிட்டது, ஆனாலும் எம்.சி.பி. விழவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதித்து அது தானாக அணைகிறது. எல்லாம் பழையபடி நடக்கிறது. மறுநாள் கெட்டிலுக்குப் பதிலாக நீண்ட நேரம் ஓடும் ஓர் அடுப்பை அதே லைனில் போடுகிறார்கள். அரை மணி நேரத்தில் எம்.சி.பி. விழுகிறது. ‘நேற்று தாங்கியது இன்று ஏன் தாங்கவில்லை’ என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

விடை, வீட்டு எம்.சி.பி.க்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.ஈ.சி. 60898இல் இருக்கிறது. குறித்த அளவைப் போல 1.13 மடங்கு ஓட்டத்தில் எம்.சி.பி. ஒரு மணி நேரத்துக்குள் விழக்கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த எல்லைகள் சுமார் 18 ஆம்பியரும் 23 ஆம்பியரும் ஆகும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில் அது விழவும் செய்யலாம், விழாமலும் இருக்கலாம். இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவை. நம் எடுத்துக்காட்டின் 19.6 ஆம்பியர் நேராக அந்த இடைவெளியில் நிற்கிறது. 2.55 மடங்குக்கு ஓட்டம் உயர்ந்தால் மட்டுமே சிறிய எம்.சி.பி.க்கள் ஒரு நிமிடத்துக்குள் விழுந்தாக வேண்டும். கம்பியும் மெதுவாகத்தான் சூடாகிறது என்பதால் இந்தப் பொறுமை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. எனவே எம்.சி.பி. விழாமல் இருப்பதைக் கொண்டு லைனில் சுமை சரியாக இருக்கிறது என்று முடிவுசெய்யக் கூடாது.

தகடு சூட்டால் இயங்குவதால், அந்தச் சூடு எங்கிருந்து வந்தாலும் அது வளையும். எம்.சி.பி.க்கள் பொதுவாக 30 டிகிரி சுற்றுச்சூழலை வைத்து அளவுபடுத்தப்படுகின்றன. வெயில் நேரடியாக அடிக்கும் சுவரில் மூடிய பெட்டிக்குள், இருபுறமும் முழுச்சுமையில் ஓடும் எம்.சி.பி.க்களுக்கு நடுவில் இருக்கும் ஒன்று, குறித்த அளவுக்கு முன்பே விழுவது இயல்பு. இதைவிட முக்கியமான காரணம், கம்பியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருப்பது. தளர்ந்த இணைப்பில் தடை கூடி வெப்பம் பிறக்கிறது, அது எம்.சி.பி.க்குள் ஏறித் தகட்டை வளைக்கிறது. சுமை குறைவாக இருந்தும் ஓர் எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், அதன் முகப்பு மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், ஓரம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால், தளர்ந்த திருகைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இங்கே எம்.சி.பி. நமக்கு எதேச்சையாக உதவுகிறது. அதே தளர்வு தூரத்தில் ஒரு பிளக் பாயிண்டில் இருந்தால், அங்கே தீப்பொறி பறந்தாலும் ஓட்டம் அளவுக்குள்தான் இருக்கும், எம்.சி.பி. அதை அறியவே அறியாது. அதைக் கண்டுபிடிக்கும் தனிக் கருவிகள் இப்போது வந்துவிட்டன, ஆனால் பெரும்பாலான வீடுகளில் இன்னும் அந்த வேலையை மூக்குதான் செய்கிறது. பிளாஸ்டிக் கருகும் வாடையோ, மீன் கெட்டது போன்ற ஒரு நாற்றமோ பிளக் பாயிண்ட் அருகே வந்தால், விழாத எம்.சி.பி.யை நாமே இறக்கிவைக்க வேண்டும்.

இரண்டாம் காவலரான சுருளின் கதை எளிது. மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பியும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் நேராகத் தொட்டுக்கொண்டால், ஓட்டத்தைத் தடுக்கக் கம்பியின் சொற்பத் தடையைத் தவிர எதுவும் இல்லை; நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். தள்ளிய கையை எடுக்குமுன் ‘டக்’ என்று விழுந்தால் அது ஷார்ட் சர்க்கியூட்டின் அடையாளம். எம்.சி.பி.யின் முகப்பில் சிறு கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அச்சிட்டிருப்பது, அத்தனை ஆம்பியர் வரை அதனால் பாதுகாப்பாக வெட்ட முடியும் என்பதைக் குறிக்கிறது. வெட்டும் அந்தக் கணத்தில் உள்ளே ஒரு மின்பொறி எரிகிறது. அடுக்கடுக்கான உலோகத் தகடுகள் அதைத் துண்டாக்கி அணைக்கின்றன. இப்படிப்பட்ட ஒவ்வொரு வெட்டும் தொடுமுனைகளைச் சிறிது தின்றுவிடும். ஷார்ட் சர்க்கியூட் இருக்கும் லைனில் எம்.சி.பி.யைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளிப் பார்ப்பவர், ஒவ்வொரு தள்ளலிலும் அதன் ஆயுளைக் கழிக்கிறார்.

சுருள் சில நேரம் கோளாறே இல்லாமலும் தட்டும். மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கமான ஓட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதற்காகத்தான் பி, சி, டி என்று வகைகள் உண்டு: பி வகை குறித்த அளவின் 3 முதல் 5 மடங்குக்குள்ளும், சி வகை 5 முதல் 10 மடங்குக்குள்ளும், டி வகை 10 முதல் 20 மடங்குக்குள்ளும் உடனடியாக விழும். தண்ணீர் மோட்டாரைப் போட்டவுடன் மட்டும் விழுந்து, மற்ற நேரங்களில் ஒழுங்காக நிற்கும் எம்.சி.பி. பி வகையாக இருந்தால், அதே ஆம்பியரில் சி வகையை மாற்றுவது முறையான தீர்வாக இருக்கலாம். ஆனால் நேற்றுவரை ஒழுங்காகப் புறப்பட்ட மோட்டார் இன்று அதை விழவைக்கிறது என்றால், வகையை மாற்றுவது தவறு. மோட்டாரின் பேரிங் இறுகியிருக்கலாம், கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம்.

இதுவரை சொன்னது கம்பியைக் காக்கும் கருவியைப் பற்றி. மின்பெட்டியில் ‘டெஸ்ட்’ என்று சிறு பொத்தானுடன் அகலமாக இருக்கும் ஆர்.சி.சி.பி. முற்றிலும் வேறு வேலை செய்கிறது. பழக்கத்தில் பலர் அதை இன்னமும் ஈ.எல்.சி.பி. என்றே அழைக்கிறார்கள். அது பேஸில் போகும் ஓட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் ஓட்டத்தையும் ஒரு வளையத்துக்குள் செலுத்தி ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை அமைதி. போனது முழுதாகத் திரும்பவில்லை என்றால், மீதி வேறு வழியில், ஒருவேளை ஒரு மனிதரின் உடல் வழியாக, தரைக்குப் போகிறது என்று பொருள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் நடத்திய ஆய்வுகளில், சராசரி ஆண் சுமார் 16 மில்லி ஆம்பியருக்கு மேலும், சராசரிப் பெண் சுமார் 10.5 மில்லி ஆம்பியருக்கு மேலும் பிடித்த பொருளை விட முடியாமல் தசைகள் இறுகிப்போவது கண்டறியப்பட்டது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இவை ஒரு பொருட்டே அல்ல. அதன் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். வீடுகளுக்கான ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரில் 0.3 நொடிக்குள்ளும், 150 மில்லி ஆம்பியரில் 0.04 நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும். அது அதிர்ச்சியைத் தடுக்காது. அதிர்ச்சி உயிரைப் பறிக்கும் அளவுக்கு நீளாமல் தடுக்கிறது.

‘எர்த் நன்றாகப் போட்டிருக்கிறோம், ஆர்.சி.சி.பி. எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. தரையில் புதைத்த எர்த் கம்பியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், அதன் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இயந்திரத்துக்குள் பேஸ் அதன் இரும்பு உடலைத் தொட்டுவிடுகிறது. 230 வோல்ட்டை 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர்தான் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரணச் சுமை. நாள் முழுவதும் விழாது. அதுவரை அந்த இயந்திரத்தின் உடல் உயிர்குடிக்கும் மின்னழுத்தத்தில் நிற்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால் முதல் கணமே வெட்டியிருக்கும்.

ஆர்.சி.சி.பி. விழுவதற்கான காரணங்களில் ஈரத்துக்குத்தான் முதலிடம். வெளிச்சுவர் விளக்கின் பெட்டிக்குள் மழைநீர் இறங்குவது, தோட்டத்துக் கம்பியின் இணைப்பில் நீர் புகுவது, துணி துவைக்கும் இயந்திரத்தின் அடியில் குழாய் கசிவது எல்லாம் இதில் அடங்கும். மழையில் விழுந்து, வெயில் அடித்ததும் தானாகச் சரியாகும் கோளாறு சரியாகிவிட்டது என்று யாரும் எண்ணக் கூடாது. தண்ணீர் ஹீட்டரின் எலிமெண்ட் இன்னொரு வழக்கமான குற்றவாளி. அதன் உள்ளே சூடேறும் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி, உறையில் மயிரிழை விரிசல் விழுந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். துணி துவைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கும்போது விழாத ஆர்.சி.சி.பி., தண்ணீரைச் சூடாக்கும் கட்டம் வந்ததும் விழுந்தால், குற்றம் மோட்டாரில் இல்லை, எலிமெண்டில்தான்.

எந்தக் கோளாறும் இல்லாமலும் ஆர்.சி.சி.பி. விழும். கணினி, தொலைக்காட்சி போன்ற மின்னணுக் கருவிகளின் வடிகட்டிகள் சிறு கசிவை எர்த்துக்கு எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரு மில்லி ஆம்பியர் அளவில் இருந்தாலும், பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் கணிசமாகிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்பதே தரம். வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. வைத்திருப்பவர்கள் காரணமே தெரியாமல் நள்ளிரவில் இருட்டில் எழுவது பெரும்பாலும் இதனால்தான். அதை எடுத்துவிடுவது இதற்குத் தீர்வு அன்று. லைன்களைப் பிரித்து இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி.க்களின் கீழ் வைப்பதே தீர்வு.

இன்னொரு புதிர், அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனையும் அலைய வைப்பது. எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கிவைத்து ஒவ்வொன்றாக ஏற்றுகிறோம். ஹீட்டர் லைனை ஏற்றி ஹீட்டரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. ஹீட்டரை மாற்றுகிறோம், அப்போதும் விழுகிறது. உண்மையில் கோளாறு இறக்கிவைத்திருக்கும் வேறொரு லைனில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருப்பது. ஒரு முனை எம்.சி.பி. பேஸை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் இணைந்தபடியே இருக்கிறது. ஹீட்டரின் பெரும் ஓட்டம் திரும்பும்போது அதில் ஒரு சிறு பங்கு அந்த வழியே எர்த்துக்குள் கசிகிறது, கணக்கு இடிக்கிறது. ஆகவே ஆர்.சி.சி.பி. கோளாறைத் தேடும்போது எம்.சி.பி.யை இறக்குவது போதாது. பிளக்குகளையே சுவரிலிருந்து உருவ வேண்டும். அப்போதும் நிற்காவிட்டால், கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கம்பி உறையின் காப்பைச் சோதிக்கும் மெக்கர் என்னும் கருவி கொண்டு அளக்கும் வேலை எலெக்ட்ரீஷியனுடையது.

அப்படியானால், விழுந்தவுடன் நாம் செய்ய வேண்டியது என்ன? கையை நீட்டுமுன் மூக்கையும் காதையும் பயன்படுத்துங்கள். கருகல் வாடை, புகை, ‘சர்ர்’ என்ற ஒலி, பெட்டிக்குள் ஈரம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எதையும் ஏற்ற வேண்டாம். பெட்டியைத் தொடாமல் மெயின் சுவிட்சை இறக்க முடிந்தால் இறக்கிவிட்டு ஆளை அழையுங்கள். அவை இல்லையென்றால், விழுந்தது எம்.சி.பி.யா ஆர்.சி.சி.பி.யா என்று பாருங்கள்; அந்தக் கணத்தில் எது ஓடிக்கொண்டிருந்தது, எதைப் புதிதாகப் போட்டீர்கள் என்று நினைவுகூருங்கள். அந்த லைனில் உள்ள எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளை உருவுங்கள். சில எம்.சி.பி.க்களின் நெம்புகோல் பாதியில் நின்றுவிடும்; அதை முழுவதும் கீழே அழுத்திய பிறகே மேலே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. ஓவர்லோடில் விழுந்ததென்றால் தகடு ஆறச் சில நிமிடம் விடுங்கள். பிறகு ஒருமுறை ஏற்றுங்கள்.

ஒன்றுமே மாட்டாத நிலையிலும் உடனே விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். நின்றால், கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கருவியை மாட்டியதும் விழுந்தால் அதை ஒதுக்கிவைத்து, பழுது பார்க்கும்வரை வேறு பாயிண்டிலும் மாட்ட வேண்டாம். எல்லாம் தனித்தனியே சரியாக இருந்து, சேர்ந்து ஓடும்போது மட்டும் சிறிது நேரம் கழித்து விழுந்தால் அது ஓவர்லோடு. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருப்பவற்றை இன்னொரு லைனின் பாயிண்டுக்கு மாற்றுவதே போதும். மாற்ற இடமில்லாத வீட்டில், பெரிய சுமைக்கென்று பெட்டியிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்வதுதான் நியாயமான செலவு. நெம்புகோலைக் குச்சியோ டேப்போ வைத்து மேலே நிறுத்தப் பார்ப்பவர்களும் உண்டு. அது பலிக்காது, ஏனெனில் வெளியே நெம்புகோலைப் பிடித்திருந்தாலும் உள்ளே தொடுமுனை பிரியும்படிதான் எம்.சி.பி. அமைக்கப்பட்டிருக்கிறது.

16 ஆம்பியருக்குப் பதில் 32 ஆம்பியர் போடும் யோசனைக்கு இப்போது திரும்பலாம். 16 ஆம்பியருக்கென்று போட்ட அதே கம்பியில் இனி 32 ஆம்பியர் தடையின்றிப் பாயும். வெப்பம் நான்கு மடங்கு. எம்.சி.பி. விழாது, வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும், சுவருக்குள் உறை உருகத் தொடங்கும். பெரிய எம்.சி.பி. வேண்டும் என்றால் முதலில் கம்பியும் பாயிண்டும் அதற்கேற்ப மாற வேண்டும். இந்த வரிசையைப் புரட்டிப்போடும் எவரிடமும், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், வேலையை ஒப்படைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

எம்.சி.பி.யே கெட்டுப்போவதும் உண்டுதான். சுமை அளந்து பார்த்து மிகக் குறைவாக இருந்தும், திருகுகள் இறுக்கமாக இருந்தும் விழுந்துகொண்டே இருந்தால், நெம்புகோல் தொளதொளவென்று ஆடினால், அதே ஆம்பியரும் அதே வகையும் கொண்ட புதியதை மாற்றலாம். ஆனால் பெரிதும் அஞ்ச வேண்டியது, விழ வேண்டிய நேரத்தில் விழாமல் ஒட்டிக்கொண்ட கருவியைத்தான். அது எந்தத் தொந்தரவும் தராததால் யாரும் கவனிப்பதில்லை. எம்.சி.பி.யை அந்த வகையில் வீட்டிலேயே சோதிக்க வழியில்லை, ஆர்.சி.சி.பி.க்கு உண்டு. அதன் டெஸ்ட் பொத்தான் உள்ளே ஒரு சிறு தடையின் வழியாகப் பொய்யான கசிவை உண்டாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால் அதன் நுண்ணிய பாகங்கள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறையாவது அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் விழுந்தால் அதன் உள் இயக்கம் சரியாக இருக்கிறது. வீட்டின் எர்த் சரியா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது, அதற்குத் தனியாக அளந்து பார்க்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அழுத்தியும் விழாவிட்டால், அன்றைக்கே அதை மாற்றிவிடுங்கள்.